முளையடித்த பின்னரே அத்திவாரம்

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், இலண்டன் மாநகரின் புடிங் ஒழுங்கையிலுள்ள பாண் போறணையொன்றில் மூண்ட தீ, சில நாட்களுள் ஏறத்தாழ 13,200 வீடுகளை நீறாக்கிற்று. வீட்டின் முகப்பைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்டவேண்டுமென அரச கட்டளைகள் முன்னரே பல பிறந்திருந்தன. அவற்றின்படி கட்டப்பட்டதா என நின்று பார்த்துப் பொறுப்பேற்கும் ஏற்பாடோ தளர்ந்து கிடந்தது.

1667ஆம் ஆண்டின் மீள்கட்டுமானச் சட்டம் இக்குறையை நோக்கியே எழுந்தது எனலாம். வீதியின் தகுதிக்கேற்ப வீடுகளை நால்வகையாக்கி, மாடிகளையும் சுவரின் கனத்தையும் அது வரையறுத்தது. அதனைச் செயற்படுத்த நகரசபை அளவையாளரை நியமித்துச் சத்தியம் செய்வித்தது. அவருள் ஒருவர் விஞ்ஞானி ரொபேட் ஹூக். மற்றொருவரான பீற்றர் மில்ஸ் கொத்துவேலை பயின்றவர்.

மனைக்காரன் முதலிற் சாம்பலையும் இடிபாட்டையும் அகற்றவேண்டும். பின்னர் நகரப் பணிமனையில் 6 ஷில்லிங் 8 பென்ஸ் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறவேண்டும். அதனைக் கண்ட பின்னரே அளவையாளர் வந்து கயிறு பிடித்து முளையடித்து, அத்திவாரத்தின் அளவை எழுதிச் சான்று வழங்குவார். அதுவரை கொத்தனார் கல்வைத்தல் ஆகாது. எல்லை காட்டிய சுவர்களே எரிந்துபோன நகரில், அயலவர் வழக்கைத் தீர்க்க இம்முளையன்றி வேறு சாட்சி பல இடங்களில் இல்லை. வீதி அகலிப்பில் நிலமிழந்தோனுக்கு நட்டஈடு கிடைப்பதும் அளவையாளரின் சான்றையே பொறுத்திருந்தது.

பொதுச்சுவர் பற்றிய விதி நுட்பமானது. முந்திக் கட்டுவோன் இருமனை நிலத்திலும் சமமாகச் சுவரெழுப்பலாம். பிந்தி வருவோன் பாதிச் செலவைக் கொடுத்த பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். ஆயின் தெருமுளையைப் பிடுங்கியவனுக்குச் சிறையோ தண்டமோ விதித்த அதே சட்டம், அவன் ஏழையாயிற் கசையடி என்றது. நீதியின் கோல் அங்கே கோணிற்று.

ஹூக் 1703இல் இறந்தபோது அவருடைய இரும்புப் பெட்டியில் 8,000 பவுணுக்கு மேற்பட்ட பணம் இருந்தது. அளவைக் கூலியே அதிற் பெரும்பகுதி என்பது பலர் ஊகம். முளைக்குக் கூலி என்ற முறையில், தொடக்கத்தைப் பார்த்த கண் முடிவையும் அவ்வளவு கூர்ந்து பார்க்குமென எதிர்பார்த்தல் அரிது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனை வட்டாரங்களாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவையாளரை நியமிக்க வகைசெய்தது. வேலை தொடங்குமுன் அவருக்கு அறிவித்தல் கட்டுவோன் கடமையாயிற்று; கட்டடம் சட்டத்துக்கு இணங்குகிறதா என்று பார்த்தல் அளவையாளர் கடமையாயிற்று.