ரெய்டு: ஒரு எழுத்து மாறிய கதை

ரெய்டு என்ற பெயர் 1988ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. அதில் 'ஐ' என்றால் 'மலிவான'. விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் பல சின்ன டிஸ்க்குகள். ஒன்று போனாலும் தகவல் நிற்கும். பிற்பாடு அந்த 'ஐ', 'தனித்தனியான' என்று ஆகிப்போச்சு. மலிவுன்னு சொல்லி யார் விற்பாங்க?

தனித்தனியாகப் பழுதாகும் என்ற அனுமானம்தான் அவர்கள் கணக்குக்கே அடிப்படை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையின் ஃபைல் சர்வருக்கு, ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகளை மிரராகப் போட்டுக் கொடுத்தேன். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். கரண்ட் விட்டுவிட்டு வந்ததில் இரண்டும் சேர்ந்தே போச்சு. மிஞ்சியது, வேலை பார்த்த பையன் பென் டிரைவில் வீட்டுக்கு எடுத்துப்போன பதினோரு டிராயிங்.