கடைசியில் கீழே இறங்கிய பட்டை

விண்டோஸ் 3.1இல் ஒரு ஜன்னலைச் சுருக்கினால், அது திரையின் அடியில் சின்னமாகி மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். செய்த வேலையே தொலைந்துவிட்டதென்று புதியவர்கள் பதறினார்கள். திறந்திருப்பதெல்லாம் பெயரோடு ஒரே வரிசையில் நிற்கட்டும் என்று மைக்ரோசொஃப்ட்டின் டேனியல் ஓரன் வடிவமைத்த டாஸ்க்பார், 1995 ஓகஸ்ட் 24இல் விண்டோஸ் 95உடன் உலகுக்கு வந்தது. பிடித்து இழுத்தால் திரையின் நான்கு ஓரங்களில் எதற்கும் போகும்; பிறவியிலேயே அவ்வளவு பணிவு.

மாத்தளை திருகோணமலை வீதியில் தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்துதரும் கடைகளுக்கு வந்தபோது அந்தப் பட்டைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வருபவரின் கடிதம் தமிழில், பிரதேச செயலகப் படிவம் சிங்களத்தில், மகளின் வேலை விண்ணப்பம் ஆங்கிலத்தில். பாமினி எழுத்துருக் காலத்தில் தமிழும் கணினிக்கு ஆங்கிலந்தான். எழுத்துருவை மாற்றினால் போதும். யூனிகோட் வந்த பிறகு, பட்டையின் வலது மூலையிலுள்ள மொழிக்குறியைப் பார்க்காமல் தட்டினால் முகவரி முழுக்க வேறு மொழியில் விழுந்துகிடக்கும்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி, இடம் போதாதபோது ஒரே செயலியின் ஜன்னல்களை ஒன்றாகச் சேர்த்தது. 2009இல் விண்டோஸ் 7 இன்னும் போய், பெயரை மறைத்துச் சின்னத்தை மட்டும் காட்டியது. ஐந்து பேரின் கடிதங்கள் திறந்திருக்கும் கடையில் ஐந்தும் ஒரே வேர்ட் சின்னத்துக்குள்! நல்லவேளை, அமைப்பில் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டு, மறுவருடமே 8.1இல் திருப்பித் தந்த கூத்தை இங்கே நீட்ட வேண்டியதில்லை.

அகலத் திரைகள் வந்ததும் ஓரத்துப் பட்டையின் அருமை தெரிந்தது. 1366க்கு 768 திரையில் அகலம் தாராளம், உயரம் பஞ்சம். நீளமான படிவத்தை அடிப்பவருக்குப் பட்டை இடப்பக்கம் நின்றால் இரண்டு வரி கூடுதலாகத் தெரியும். 2021 ஒக்டோபர் 5இல் வந்த விண்டோஸ் 11 அந்த வழியை அடைத்தது. பட்டை கீழேதான், சின்னங்கள் நடுவில், பெயர்கள் இல்லை. பெயர்களை மீட்க 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அழகுக்காகச் செய்ததென்றால், அந்த அழகு ஒரு நாளில் நாற்பது கடிதம் அடிப்பவருக்கானதல்ல. வெளியார் எழுதிய எக்ஸ்புளோரர்பேட்சர் போன்ற நிரல்கள் பட்டையை நகர்த்தித் தரும்; அடுத்த அப்டேட்டில் அவை குழம்பிப்போவதும் உண்டு.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பதினொன்றோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கொம்பியூட்டர்களை வாங்கி ஓட்டும் கடைக்கு இரண்டும் சிரமம். லினக்ஸின் கேடிஈ திரைமுகப்பில் பட்டை இன்றும் நான்கு பக்கமும் போகும், தமிழுக்கான ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். ஆனால் வேர்டில் செய்த படிவத்தை லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் சிலவேளை கட்டங்கள் நகர்ந்துவிடும். கையொப்பக் கோடு அடுத்த பக்கத்துக்குப் போன படிவத்தை எந்தக் கவுன்டரில் கொடுப்பது?