புலித்தோலைக் காப்பாற்றியது யார்? உப்பு, ஈரம், பூசணம் பற்றிச் சில குறிப்புகள்

சிவகாசிக்காரர்களிடம் ஈரம் என்றால் என்ன என்று விளக்கவே வேண்டாம். நமத்துப்போன சரம் வெடிக்காது, அவ்வளவுதான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து இங்கே ஆரம்பித்தபோது, விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று தொழிலுக்குத் துணையாக நின்றது. ஆனால் மேற்கே கொஞ்ச தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், நிலைமை வேறு. அங்கே மழை உண்டு, காடு உண்டு, புலியும் உண்டு. இப்படிப்பட்ட மலைக்காடுகளில் வெள்ளைக்கார துரைகளும் ஜமீன்தார்களும் வேட்டையாடிய காலத்தில், சுட்ட புலியைவிட அதன் தோலைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

துரை வீட்டுக் கூடத்தில் தலையோடு விரித்துப் போட்ட புலித்தோல் என்றதும் தெரிந்தவர்கள் சொல்லும் பெயர் மைசூரின் வான் இன்கன் அண்டு வான் இன்கன். 1900 வாக்கில் தொடங்கி 1999-இல் மூடிய நிறுவனம். புலி, சிறுத்தை மட்டும் 43,000-க்கு மேல் பாடம் செய்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. காகிதக் கூழில் அச்சு வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பொருத்துவார்கள். வேலை நேர்த்தியானதுதான். ஆனாலும் காட்டிலேயே கெட்டுப்போன தோலை மைசூரால் மீட்க முடியாது. விஷயம் அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

ஏன்? பச்சைத் தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். நம்ம ஊர் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே கிருமிகள் வேலையைத் தொடங்கிவிடும். மேல்தோல் இளகினால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்துவிடும். சாதாரணத் தோல் ஷாப்பில் இது பிரச்சினையே இல்லை. அங்கே சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை எடுத்துவிட்டுத்தான் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடுவார்கள். விரிப்புக்கோ முடிதான் உயிர்.

அப்போ வெயிலில் போட்டு உடனே காய வைத்தால் என்ன? அதுதான் பெரிய தவறு. ஈரத்தோல் சூடேறினால் பசையாக இளகும். ஆசாரி காய்ச்சுகிற வஜ்ஜிரம் எதிலிருந்து வருகிறது என்று யோசித்தால் புரியும். வெளிப்புறம் தகடாக இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் வேறு வரிசை: உட்புறத்துக் கொழுப்பையும் சவ்வையும் கத்தியால் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். உதடு, காது, பாதம் ஆகிய இடங்களைப் பிரித்துவிட வேண்டும். பிறகு உப்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் கசிந்து ஓடியதும் பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. கடைசியில் நிழலில், காற்றோட்டத்தில், மடிப்பு இல்லாமல் காய வைக்க வேண்டும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. தோலைக் காப்பாற்றிய அதே உப்பு பிற்பாடு எதிரியாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீங்க. தோலில் தங்கிய உப்பும் அப்படித்தான் காற்றின் ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூசணம் பூக்கும். ஆகவே படிகாரம் போட்டுப் பதப்படுத்தும் முன் உப்பை அலசி எடுக்க வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டி முழுக்க உலர்ந்த பிறகுதான் அடியில் துணி வைத்துத் தைக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே தைத்தால் துணிக்கும் தோலுக்கும் நடுவே பூசணம் கூடு கட்டும். ஈரச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டினாலும் இதே கதி.

பழைய தோல்களில் ஆர்சனிக் தடவியிருப்பார்களே, அது போதாதா என்று கேட்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளர் பெக்கூர் கண்டுபிடித்த ஆர்சனிக் சோப்பு முக்கியமாகப் பூச்சிக்கானது. ஈரத்துக்கு அது மருந்தல்ல. அது இன்னும் விஷம்தான். பழைய தோலை வெறும் கையால் தொடாதீங்க.

சரி, அந்த உப்பையும் கத்தியையும் பிடித்த கைகள் யாருடையவை? சென்னை மாகாணத்தில் தோல் வேலை என்பது அருந்ததியர் போன்ற சமூகங்களின் தலையில் தீட்டென்று சுமத்தப்பட்ட வேலை. எங்கே கத்தி ஆழமாகப் போகக்கூடாது, எவ்வளவு உப்பு, எப்போது திருப்பிப் போட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு. ஆங்கில அகராதியான ஹாப்சன் ஜாப்சனிலும் அவர்களது சாதிப்பெயர் மட்டுமே ஒரு சொல்லாக இடம்பிடித்தது. புலித்தலைக்குக் கீழே மாட்டிய பலகையில் சுட்டவர் பெயர் இருக்கும், தேதி இருக்கும். உரித்தவர் பெயர் இருக்காது.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழைய தோலை வைத்திருக்கவே உரிமைச் சான்றிதழ் வேண்டும். விற்கவே முடியாது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. புலித்தோல் இனி புலியின் மேல் இருந்தால் போதும் என்று முடிவாகிவிட்டது, நல்லது. ஆனால் அருங்காட்சியகத்தில் முடி உதிராமல் நிற்கிற ஒரு புலியைப் பார்த்தால், துரையின் குறியை மட்டும் மெச்சாதீங்க. அதற்கு உப்புப் போட்டவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.