கொக்கீனா: சிப்பியின் பெயரில் ஒரு கோட்டை

ஸ்பெயினின் தென்மேற்கே, ஊயெல்வா, காதிஸ் கரைகளில், அலை பின்வாங்கிய ஈரமணலை அரித்தால் விரல்நகம் அளவே உள்ள ஒரு சிப்பி கிடைக்கும். பூண்டை ஆலிவ் எண்ணெயில் வதக்கி, வெள்ளைத் திராட்சை மது கொஞ்சம் ஊற்றி, சிப்பிகளைக் கொட்டி, ஓடு வாய் திறந்ததும் இறக்கிவிடுவார்கள். அதன் பெயர் கொக்கீனா. இதே பெயரை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் போய்ச் சொன்னால் ஒரு கல்லைக் காட்டுவார்கள். அந்தக் கல்லால் எழுந்த கோட்டையையும் காட்டுவார்கள். சட்டியில் வெந்த சொல் கோட்டைச் சுவர் ஏறியது எப்படி?

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். பழைய ஸ்பானியத்தில் 'கோக்கா' என்றால் ஓடு. அதன் குறுமை வடிவம் கொக்கீனா, அதாவது சின்ன ஓடு. கோக்காவுக்குப் பின்னால் லத்தீனின் 'கொன்கா' நிற்கிறது என்பது அகராதிக்காரர்கள் பலரும் போகும் வழி. இடையில் இருந்த மெல்லொலி எங்கே போயிற்று என்று கேட்கலாம். பக்கத்தில், போர்ச்சுகலின் அல்கார்வ் கரையில், இதே சிப்பிக்குக் 'கொன்கில்யா' என்று பெயர். அங்கே அந்த மெல்லொலி அப்படியே இருக்கிறது. லத்தீன் கொன்கா கிரேக்கத்தின் 'கொன்கே'யிடம் வாங்கிய கடன். கிரேக்கச் சொல்லையும் வடமொழி 'சங்க'த்தையும் ஒரே வேரில் சேர்ப்பார்கள் மொழிநூலார். நம் சங்கு வடமொழி வழி வந்தது என்பதே பரவலான கருத்து. அப்படிப் பார்த்தால் கோயிலில் ஊதும் சங்கும் ஃபுளோரிடாக் கோட்டைக் கல்லும் சொல்லளவில் தாயாதிகள். இதைக் கண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனிப் பொருள். 1565 செப்டம்பரில் பெத்ரோ மெனெந்தெஸ் கரையிறங்கிச் சான் அகுஸ்தீன் என்ற ஊரை நிறுவினார். இன்று செயின்ட் அகஸ்டின் என்று வழங்கும் அது, அமெரிக்க ஐக்கிய நாட்டின் பெருநிலத்தில் ஐரோப்பியர் அமைத்து இன்றுவரை இடையறாமல் மக்கள் வாழும் ஊர்களில் மூத்தது. அங்கே நூறாண்டுக்கு மேல் மரக்கோட்டைதான். கட்டுவார்கள், ஈரத்தில் உளுத்துப்போகும், அல்லது எரியும். 1586-இல் ஃபிரான்சிஸ் டிரேக் ஊரையே கொளுத்திவிட்டுப் போனார். 1668-இல் ராபர்ட் சர்ல் என்ற கடற்கொள்ளையன் இரவில் புகுந்து சூறையாடினான். அதற்குப் பிறகுதான் ஸ்பெயின் அரசு கல்கோட்டைக்குப் பணம் தர இசைந்தது.

கல்லுக்கு எங்கே போவது? கண்ணுக்கெட்டிய தூரம் மணலும் சதுப்புமான கரை அது. ஆனால் எதிரே அனஸ்தாசியா தீவில், மண்ணுக்கடியில், பல்லாயிரம் ஆண்டுகளாகக் கடல் ஒதுக்கிய சிப்பி ஓடுகள் இறுகிக் கிடந்தன. மழைநீர் ஓட்டின் சுண்ணத்தைக் கரைத்துக் கரைத்து, அந்தக் கரைசலே பசையாகி ஓட்டை ஓட்டோடு ஒட்டியிருந்தது. துண்டு ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் கல் என்றே தோன்றாது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு ஓடுகள், முழுசும் நொறுங்கலுமாக, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். நடுநடுவே அரிசி நுழையும் இடைவெளி. நீர் ஊற்றினால் உள்ளே இறங்கிவிடும். அந்த ஓடுகள் ஊயெல்வாச் சிப்பியின் நெருங்கிய இனம். அதே சிப்பி உயிரோடு ஃபுளோரிடாக் கடற்கரை மணலிலும் புதைந்து கிடக்கிறது. அதற்கும் அங்கே கொக்கீனா என்றே பெயர். சாப்பாட்டுத் தட்டில் பழகியதைப் பாறைக்குள் அடையாளம் கண்ட ஸ்பானியனின் கண்தான் இந்தப் பெயரைத் தந்தது.

தரைக்குள் இருக்கும்போது இந்தக் கல் ஈரமாக, மெத்தென்று இருக்கும், கோடரியாலேயே வெட்டலாம். வெட்டியெடுத்து ஓராண்டு, ஈராண்டு காற்றாடப் போட்டால் இறுகும். கேரளத்து வெட்டுக்கல்லும் இப்படித்தான். கல்லைக் கல்லோடு இணைக்கவும் சிப்பிதான் உதவியது. ஆளி ஓடுகளைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் ஊரில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி எடுத்தோமே, அதே வேலை. சிப்பியைச் சிப்பியால் ஒட்டிய கோட்டை.

ஹவானாவிலிருந்து வந்த பொறியாளர் இக்னாசியோ தாசாவின் திட்டப்படி 1672 அக்டோபரில் அடித்தளம் தோண்டினார்கள். 1695-இல் முடிந்தது. பெயர் கஸ்தீயோ தெ சான் மார்கோஸ்.

1702-இல் கரோலினாவின் ஆங்கிலேய ஆளுநர் ஜேம்ஸ் மூர் வந்து முற்றுகையிட்டார். ஊர்மக்களும் படையினருமாக ஏறத்தாழ 1,500 பேர் ஐம்பது நாள் அளவு கோட்டைக்குள் அடைந்து கிடந்தார்கள். வெளியே ஊர் எரிந்தது, கோட்டை நின்றது. 1740-இல் ஆங்கிலேயரின் ஜார்ஜியாக் குடியேற்றத் தலைவர் ஓகில்தார்ப் படையோடு வந்தார். அவர் பீரங்கிகளை நிறுத்தியது அனஸ்தாசியா தீவில். கல் பிறந்த தீவிலிருந்தே கல்லின்மேல் குண்டு! 27 நாள் சுட்டும் சுவர் உடையவில்லை. கருங்கல்லாக இருந்தால் விரிசல் ஓடிச் சில்லுசில்லாய்ச் சிதறியிருக்கும். இங்கே ஓடுகளுக்கு நடுவே இருந்த வெற்றிடம் நசுங்கி அடியை வாங்கிக்கொண்டது. குண்டு பிசைந்த மாவில் விரல்போலப் புதைந்து நின்றது. அந்தப் பள்ளங்களை இன்றும் சுவரில் பார்க்கலாம். கல்லின் மென்மைதான் கோட்டையைக் காத்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இந்தச் சொல்லை வாங்கியது, பெரும்பாலும் கல்லின் பெயராக. பிறகு நிலவியலாரிடம் போய்ப் பொதுச்சொல்லாயிற்று. உலகில் எங்கே ஓடுகள் ஒட்டிப் பாறையானாலும் இன்று அது கொக்கீனா.

ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. தீவில் கல் வெட்டியவர்கள், தோணியில் ஏற்றியவர்கள், சூளைக்கு ஓடு சுமந்தவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பழங்குடிகளான திமுக்குவா, குவாலே, அப்பலாச்சி மக்கள். கூடவே கைதிகளும் ஆப்பிரிக்க அடிமைகளும். திமுக்குவா மொழியில் 1612-லேயே நூல் அச்சானது. பிரான்சிஸ்கோ பரேகா என்ற பாதிரியார் செய்தது. இருந்தும் அவர்கள் தோளில் சுமந்த கல்லுக்கு நிலைத்த பெயர் ஸ்பானியப் பெயர்தான். நோயும் போரும் அவர்களைத் தேய்த்தன. 1763-இல் ஃபுளோரிடா பிரிட்டனுக்குக் கைமாறியபோது மிஞ்சியிருந்த சிலர் ஸ்பானியரோடு கியூபாவுக்குக் கப்பலேறினார்கள். கடைசித் திமுக்குவா என்று பதிவாகியிருப்பவர் 1767-இல், ஹவானாவை அடுத்த குவானபகோவாவில் இறந்தார். அவர்கள் வெட்டிய குழிகள் அனஸ்தாசியா தீவின் மரங்களுக்கு நடுவே இன்னும் இருக்கின்றன.