கொம்பு எங்கே நிற்க வேண்டும்? திருவனந்தபுரத்துத் திரைகளும் தமிழ் வரிவடிவத்தின் வரலாறும்

பொது இடங்களில் தொங்கும் தகவல் திரைகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றைப் பெரும்பாலும் மின்னணுவியல் வரலாற்றின் ஒரு சிறு கிளையாகவே கொள்கின்றனர். அவற்றை எழுத்து வரலாற்றின் பகுதியாகவும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும் என்பதே இப்பதிவின் கருத்து. திரைக்குப் பின்னே ஒட்டப்பட்டிருக்கும் ‘மீடியா பிளேயர்’ என்னும் உள்ளங்கை அளவுப் பெட்டியை அமைக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வோர் அமைவுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. தமிழைப் பொறுத்தவரை அவ்வரலாறு கல்வெட்டுக் காலம் வரை நீள்கிறது. பதிவு சற்று நீளமானது. மொழியியல், தமிழ், கணினியியல் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.

திருவனந்தபுரம் இதற்குப் பொருத்தமான நகரம். பத்மநாப சுவாமி கோயிலருகே உள்ள மேத்தன் மணியை எல்லோரும் அறிவோம். 19ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்ட அக்கடிகாரத்தில், மணிதோறும் ஒரு முகம் வாய் திறக்க, இரு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னங்களில் முட்டுகின்றன. குறித்த நேரத்தில் குறித்த காட்சியைத் தானே இயக்கிப் பொதுமக்களுக்குக் காட்டும் கருவி என்ற அளவில், இன்றைய பெட்டிகளின் மூதாதை அது. ஆனால் அது எழுத்தால் பேசவில்லை. ஆதலின் எந்த மொழியில் பேசுவது என்ற வினா அதற்கு எழவில்லை.

எழுத்தால் பேசிய பொது அறிவிப்பு இங்கே கல்வெட்டுதான். 1910ஆம் ஆண்டளவில் து. அ. கோபிநாத ராவ் தொடங்கிய திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையைப் புரட்டினால், வட்டெழுத்தும் தமிழெழுத்தும் கிரந்தமும் இந்நிலப்பகுதியில் அடுத்தடுத்தும் அருகருகும் வழங்கியதைக் காணலாம். இவற்றைச் செதுக்கிய கல்தச்சனின் உளி சென்ற திசையை நினைத்துப் பாருங்கள். ‘கொ’ என்று செதுக்க வேண்டுமானால் அவன் முதலில் கொம்பை இடுகிறான், பிறகு ககரம், பிறகு கால். காதோ வேறு வரிசையில் கேட்கிறது: முதலில் மெய்யொலி, பின்னர் உயிரொலி. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியமே விதிக்கிறது. ஆக, ஒலிப்பு வரிசையும் கண் காணும் வரிசையும் தமிழில் ஒன்றல்ல. மனிதன் எழுதிய காலம் முழுவதும் இந்த இடைவெளி ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. கை அதைத் தானே நிரப்பியது. பொறி எழுதத் தொடங்கியபோதுதான் அது சிக்கலாயிற்று.

யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப்பொறி கண்ணின் வரிசையைப் பின்பற்றியது. கொம்பு விசையை முதலில் தட்டு, பிறகு மெய், பிறகு கால். கல்தச்சனின் வரிசை அப்படியே விரல்களுக்கு இறங்கியது. கணினிக்கு வந்தபோது வழி இரண்டாகப் பிரிந்தது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்டு 1991இல் இந்தியத் தரமாக வெளிவந்த ‘இஸ்கி’ குறியேற்றம் ஒலியின் வரிசையைத் தேர்ந்தது. அதே ஆண்டு முதற்பதிப்பு கண்ட ஒருங்குறியும் இஸ்கியின் முந்தைய வடிவத்தைத் தழுவியே தமிழுக்கும் மலையாளத்துக்கும் 128 இடங்கள் கொண்ட கட்டங்களை ஒதுக்கியது. மறுபுறம், தமிழர்கள் இணையவழிக் கலந்துரையாடலில் உருவாக்கிய ‘திஸ்கி’ கண்ணின் வரிசையைக் காத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையோடு ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களையும் முன்வைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. இன்று திரைகளுக்கு வந்து சேரும் தமிழ் ஏறக்குறைய முழுவதும் ஒருங்குறியே. அதாவது ஒலி வரிசையே.

இது தவிர்க்க இயலாத விதியன்று என்பதற்குத் தாய்லாந்து மொழி சான்று. அதிலும் மெய்க்கு முன்னே எழுதப்படும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் தாய்லாந்தின் தேசியத் தரம் கண்ணின் வரிசையில் அமைந்திருந்ததால் ஒருங்குறியும் அதற்கு அவ்வரிசையையே அளித்தது. ஒரே வகைச் சிக்கலுக்கு இரு மொழிகளில் இரு தீர்வுகள்: காரணம் எழுத்தின் இயல்பு அல்ல, முன்னிருந்த தரங்களின் வரலாறு.

ஒலி வரிசையில் சேமித்ததைக் கண்ணின் வரிசைக்கு மாற்ற யாரோ ஒருவர் இடையில் உழைக்க வேண்டும். கல்தச்சன் செய்த அந்த வேலையை இன்று செய்வது எழுத்து வடிவாக்கப் பொறி என்னும் மென்பொருள். வின்டோஸ் 2000 தமிழுக்கு அதை அளித்தது. கட்டற்ற மென்பொருள் உலகில் ஹார்ஃப்பஸ் அவ்வேலையைச் செய்கிறது. பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. கொம்பை இடப்புறம் நகர்த்துவது, ககரத்தையும் உகரக் குறியையும் சேர்த்துக் ‘கு’ என்னும் ஒற்றை வடிவமாக்குவது ஆகியவை இப்பொறியும் எழுத்துருவும் கூடிச் செய்யும் வேலை.

இனிப் பெட்டிக்கு வருவோம். அதை அமைக்கும் பணியின் பெரும்பகுதி மொழி சாராதது, விரைந்து சொல்லிவிடலாம். எச்டிஎம்ஐ வடத்தால் திரையோடு இணைத்துத் தெளிவளவைத் திரைக்கு ஒப்பப் பொருத்துவது. நெட்டுத்தோற்றமாயின் காட்சியை 90 பாகை திருப்புவது. மின்சாரம் போய் வந்தால் தானே இயங்கும்படி வைப்பது. வலையிணைப்பு அறுந்தாலும் ஓடும்படி உள்ளடக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே சேமிப்பது. நேர அமைவில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ராஸ்பெரி பை போன்ற மலிவான கணினிகளின் தொடக்கப் பதிப்புகளில் மின்கலக் கடிகாரம் இல்லை. இடிமழைக் காலத்தில் மின்சாரமும் வலையும் ஒருங்கே போய், மின்சாரம் மட்டும் திரும்பினால், பெட்டி தவறான நேரத்தில் விழிக்கும். காலை அட்டவணை மாலையில் ஓடும். தனிக் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்துவது இதற்கு எளிய மருந்து.

மொழி அமைவுதான் உண்மையான சிக்கல். 1998இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு பரிந்துரைத்த ‘ஸ்மில்’ என்னும் குறிமொழியைப் பல பெட்டிகள் இன்றும் புரிந்துகொள்கின்றன. எந்தக் காட்சி எப்போது, எவ்வளவு நேரம், திரையின் எப்பகுதியில் வரவேண்டும் என்று அதில் எழுதலாம். பார்ப்பவரின் மொழிக்கேற்ப உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் அதில் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் அவ்வசதி ஒரு திரைக்கு ஒரு பார்வையாளர் என்று கருதிக்கொள்கிறது. சுவரில் தொங்கும் திரைக்கு முன்னே மலையாளியும் தமிழரும் வங்காளத் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ‘மொழி’ என்ற பெயரில் ஒரே ஒரு தேர்வைக் கேட்கும் அமைவுப் பக்கம் தவறான வினாவை எழுப்புகிறது. கேட்க வேண்டிய வினா: எந்த மொழிக்கு எத்தனை நொடி? ரயில் நிலையப் பலகைகள் வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் என்று சுழல்வது இவ்வினாவுக்கு ஒரு விடை. நொடிகளைப் பங்கிடுவதும் மொழிக்கொள்கையே.

இதை மிகையென்று எண்ண வேண்டாம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. சாலைக் கடைத்தெருவும் வலியசாலையும் தமிழ் வழங்கும் இடங்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் அம்மாவட்டத்தார் மருத்துவத்துக்கு இந்நகரத்தை நாடி வருவது நிற்கவில்லை. காகிதத்தில் தமிழுக்கு உள்ள உரிமை திரையில் எந்த வடிவம் கொள்கிறது என்பது கேட்கத் தக்க கேள்வி.

கடந்த ஆண்டு ஒரு காத்திருப்புக் கூடத்தின் திரைக்குத் தமிழ் வரிகளை எழுதித் தருமாறு என்னைக் கேட்டார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வரிகளை ஒருங்குறியில் அனுப்பினேன். பெட்டியில் வடிவாக்கப் பொறி இயங்கவில்லை. ‘கொ’ என்பதில் ககரத்தின் பின்னே கொம்பும் காலும் ஒட்டி நின்றன. ‘பு’ இரண்டாக உடைந்தது. பெட்டியை விற்றவர் தமிழ் வரிகளை மட்டும் படங்களாக மாற்றி ஏற்றினார். திரை அழகாகவே இருந்தது. ஆங்கில வரிகள் மட்டும் தரவுத்தளத்திலிருந்து நேரடியாக வந்துகொண்டிருந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு பிரிவின் அறை எண் மாறியபோது ஆங்கில வரி அன்றே மாறியது. தமிழ்ப் படம் பழைய எண்ணையே காட்டியது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் பூட்டிய கதவின் முன் வரிசையில் நின்றார்கள்.

இங்கே தமிழ் திரையிலிருந்து விலக்கப்படவில்லை. திரையில் இருந்தது, ஆனால் உறைந்து இருந்தது. ஆங்கிலம் உயிருள்ள உரை. தமிழ் சட்டமிட்ட படம். படத்தைத் தேட முடியாது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதை ஒலிக்க முடியாது. அவசர அறிவிப்பு அதில் ஏறாது. உடைந்த எழுத்தாவது தன் குறையைத் தானே காட்டிக் கொடுக்கிறது. அழகான படம் காட்டாது; அதனால்தான் அது கூடுதல் ஊறு.

‘எழுத்தைத்தான் எளிமையாக்கிவிடலாமே’ என்ற விடையும் பழையது. கேரளத்தில் 1971இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் தட்டச்சுப்பொறியை மனத்திற்கொண்டு உகர ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்தது. விளைவாக, வடிவாக்கப் பொறி இல்லாத பெட்டியிலும் மலையாளப் ‘பு’ ஏறக்குறையச் சரியாகத் தெரியும். தமிழ்ப் ‘பு’ உடையும். தமிழில் பெரியார் 1935 முதல் வழங்கிய வடிவங்களுள் சிலவற்றை அரசு ஏற்ற 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஆகார ஐகாரக் குறிகளை ஒழுங்குபடுத்தியதேயன்றி உகர ஊகார வரிசைகளைத் தொடவில்லை. அவற்றையும் மாற்றுமாறு வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார், எதிர்ப்பே மிகுந்தது. மலையாளத்திலோ 1999இல் தொடங்கிய ‘ரசனா’ இயக்கம் எதிர்த்திசையில் வாதிட்டது: தட்டச்சுப்பொறிக்காகக் கைவிட்ட கூட்டெழுத்துகளைக் கணினி மீட்டுத் தரும், பொறிக்காக எழுத்தை வளைக்கத் தேவையில்லை. தொழில்நுட்பம் இவ்வாதத்தையே மெய்ப்பித்தது என்பது என் கருத்து. 5 நிரலும் 7 வரியும் கொண்ட பழைய மின்புள்ளிப் பலகைக்காக ‘ழூ’ என்னும் வடிவத்தைத் திருத்தியிருந்தால், அப்பலகை மறைந்த பின்னும் திருத்தம் நின்றிருக்கும். பொறியின் ஆயுள் பத்தாண்டு. எழுத்தின் ஆயுள் அப்படியல்ல. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகாரத்துக்கு வகுத்த இரட்டைக் கொம்பை இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மாற வேண்டியது பெட்டி. அது இன்று கடினமும் அல்ல. ஹார்ஃப்பஸ் விலையின்றிக் கிடைக்கிறது. இன்றைய உலாவி எதுவும் தமிழைச் சரியாக வடிக்கும். ஆதலின் உள்ளடக்கத்தை வலைப்பக்கமாக வடிக்கும் பெட்டியைத் தேர்ந்தாலே பாதி வேலை முடிந்தது. 2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடக்கம் கண்ட நகரம் இது. இங்கே அறிவுக்கும் கருவிக்கும் பஞ்சமில்லை. இல்லாதது வாங்குமுன் சோதிக்கும் வழக்கம்.

சோதனைக்கு ஐந்து ஊர்ப்பெயர்கள் போதும். ‘திருவனந்தபுரம்’ உகரக் கூட்டுவடிவங்களைச் சோதிக்கும். ‘கொல்லம்’ மெய்யின் இருபுறமும் பிரியும் ஒகரக் குறியைச் சோதிக்கும். அதை ஒற்றைக் குறியீடாகவும், கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் உள்ளிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். ‘நெய்யாற்றின்கரை’ ஒற்றைக் கொம்பையும் ஐகாரத்தையும், வரியின் நீளத்தையும் ஒருங்கே சோதிக்கும். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் அது வெட்டுப்படுகிறதா என்று தெரிந்துவிடும். ‘பேரூர்க்கடை’ இரட்டைக் கொம்பையும் ஊகாரத்தையும் காட்டும். ‘ஸ்ரீகாரியம்’ கடினமானது: முதலெழுத்தைப் பழைய ஸகரத்தாலும், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதலாம், எழுத்துரு இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வைந்தையும் படமாக அன்றி உரையாக ஏற்றுங்கள். பிறகு அவற்றுள் ஒன்றைத் தொலைவிலிருந்து மாற்றிப் பாருங்கள். மூன்று மொழிகளிலும் ஒரே நொடியில் மாறினால் பெட்டியை வாங்கலாம். உங்கள் துறையிலோ, நூலகத்திலோ, நீங்கள் செல்லும் அலுவலகத்திலோ இச்சோதனையில் தவறும் திரையைக் கண்டால், இடமும் நாளும் குறித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கல்வெட்டுகளைப் படியெடுத்துத் தொகுத்ததுபோல் திரையெழுத்துகளையும் யாராவது தொகுத்தாக வேண்டும். கல் காத்திருக்கும், திரை அடுத்த காட்சிக்கு மாறிவிடும்.