பல் நோய்களும் உடல்நலமும்

பல் சொத்தையும் ஈறு நோயும் மனிதரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, வாய் நோய்களால் அவதிப்படுவோர் ஏறக்குறைய 350 கோடிப் பேர். ஆனாலும் பல்வலி வந்தால் கிராம்புத் தைலம், வலி தாங்காவிட்டால் பல்லைப் பிடுங்குவது என்ற அளவிலேயே பெரும்பாலோர் இதை வைத்திருக்கிறார்கள். வாயில் தொடங்குவது வாயோடு நிற்பதில்லை.

சொத்தை விழும் விதம் எளிது. பல்லின்மேல் படியும் கிருமிப் படலத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களைத் திரும்பச் சேர்க்கிறது. அதற்கு நேரம் வேண்டும். நாள் முழுவதும் இனிப்பும் காபியுமாக வாய் அசைந்துகொண்டே இருந்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை முறை என்பதும் முக்கியமாவது இதனால்தான்.

ஈறு நோய் வேறு வகை. வலிக்காது. பல் விளக்கும்போது கொஞ்சம் ரத்தம், வாய் நாற்றம், பல வருடங்கள் கழித்து ஆடும் பல். அதற்குள் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கும்.

இந்த நோயைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு நார்வே நாட்டவரான ஹரால்ட் லோ அடித்தளம் போட்டார். 1965-இல் வெளியான ஆய்வில், ஈறு நலமாக இருந்தவர்களைப் பல் விளக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மீண்டும் விளக்கத் தொடங்கியதும் சரியானது. அடுத்து அவர் தேடிப்போனது இலங்கையின் தேயிலைத் தோட்டங்களை. 1970-இல் இரண்டு தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தது அவரது குழு. தமிழ்த் தொழிலாளர்களான இவர்களுக்குப் பல் மருத்துவம் எட்டியதே இல்லை. டூத் பிரஷ் பழக்கமும் கிடையாது. சொத்தையும் அநேகமாக இல்லை. எனவே விழுந்த பற்களெல்லாம் ஈறு நோயால் விழுந்தவை என்று சொல்ல முடிந்தது.

ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு அழற்சி இருந்தது. ஆனால் சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதத்தினருக்கு மெல்ல வளர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. அழுக்கு ஒன்றே காரணமல்ல, உடலின் எதிர்ப்புத் தன்மையும் சேர்ந்தே நோயைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று அரிது. உலகப் பல் மருத்துவப் பாடநூல்களில் இந்த எண்கள் இடம்பிடித்துவிட்டன. அவற்றைத் தந்த மலையகத் தொழிலாளர்களும் அவற்றோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியவர்கள்.

ஈறு நோய்க்கு மிக நெருங்கிய உறவு சர்க்கரை நோயோடுதான். உறவு இருபக்கமும் ஓடுகிறது. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு விரைவில் சிதைகிறது. ஈற்றில் நீடிக்கும் அழற்சி இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கிறது. 1993-இல் லோ ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று குறிப்பிட்டார். ஈற்றுக்கு அடியில் உள்ள காரையை முறையாகச் சுரண்டி எடுத்தால் மூன்று, நான்கு மாதங்களில் ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக 2022-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். மருந்துச் சீட்டில் இன்னொரு மாத்திரை சேர்த்துப் பெறும் பலனுக்குப் பக்கத்தில் வருவது அது.

இதய வால்வு பழுதுபட்டவருக்கு ஆபத்து நேரடியானது. வாய்க் கிருமிகள் ரத்தத்தில் கலந்து வால்வில் தங்கி உள்ளிதய அழற்சியை உண்டாக்கும். மாரடைப்பு விஷயம் அவ்வளவு தெளிவில்லை. 1989-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் மாரடைப்பு வந்தவர்களின் பற்கள் மோசமாக இருந்ததைக் கண்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை என 2012-இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. புகைபிடித்தல் இரண்டையுமே வளர்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. குறைப்பிரசவமும் அப்படித்தான்: தொடர்பு தென்பட்டது, ஆனால் கர்ப்ப காலத்தில் ஈற்றுக்குச் சிகிச்சை அளித்த பெரிய ஆய்வில் குறைப்பிரசவம் குறையவில்லை.

இந்த நிதானம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பல உடல் நோய்களுக்கு வாயின் சீழே மூலம் என்று 1910-இல் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹண்டர் முழங்கினார். அந்தக் கருத்து பற்றிப் பரவியது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டிரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன், மனநோய் தீரும் என்று நம்பி நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் பிடுங்கினார். பிறகு குடலையும் வெட்டினார். பலர் இறந்தார்கள். ஆதாரத்துக்கு முன்னால் ஓடிய மருத்துவம் அது.

மறுபக்கத்தில், உண்மையான ஆபத்தை அலட்சியம் செய்வதும் கொல்லும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவினால் நாக்கு மேலெழும்பி மூச்சை அடைக்கும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரிலேயே இந்த நோய் அழைக்கப்படுகிறது. 2007-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் சொத்தைப் பல்லிலிருந்து கிருமி மூளைக்குச் சென்று உயிரைப் பறித்தது. பல்லைப் பிடுங்க ஆகியிருக்கும் செலவு 80 டாலர் என்று அப்போது செய்திகள் கூறின. அவனுடைய சாவுக்குப் பிறகே அந்த மாநிலம் ஏழைக் குழந்தைகளுக்கான பல் சிகிச்சைத் திட்டத்தைச் சீர்படுத்தியது.

சர்க்கரை நோய்க்காகக் கண்ணையும் காலையும் பரிசோதிப்பவர்கள் ஈற்றையும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் பல் மருத்துவரின் நாற்காலியில் அமரும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். பல்வலியோடு முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.