ஈறு நோயின் ‘இயற்கை வரலாறு’

பல் மருத்துவரிடம் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் அறிவுரை ஒன்றுண்டு: பல்லின் மீது படியும் படலத்தை அன்றாடம் அகற்றுங்கள். இந்த அறிவுரைக்கு ஆதாரமாக நின்றவர்களுள் நம் மொழி பேசும் ஏழைத் தொழிலாளர் சிலரும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

அப்படலத்தில் நுண்ணுயிர்கள் நெளிவதை 1683இலேயே டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் தம் வில்லையின் வழியே கண்டு, லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆனால் ஈறு அழற்சிக்கு அவையே காரணம் என்பது மனிதரிடத்தில் தெளிவாக நிறுவப்பட்டது 1965இல்தான். நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ, டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நலமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். அவர்களுள் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. படலத்தில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகளும் படிப்படியே மாறின. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் தேறின.

மூன்று வாரத்தில் தொடங்கும் இந்நோய், கவனிப்பாரின்றி விடப்பட்டால் முப்பது ஆண்டுகளில் என்ன செய்யும்? இதற்காக எவரையும் முப்பது ஆண்டுகள் துலக்காமல் இருக்கச் சொல்ல இயலாது. ஆகவே லோவின் குழு இரு வேறு மக்களை நாடியது. 1969இல் ஆஸ்லோவில், சிறு வயது முதலே பல் மருத்துவம் பெற்று வந்த மாணவர், கல்வியாளர் 565 பேரைப் பரிசோதித்தது. 1970இல் இலங்கை மலைநாட்டின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. இவர்கள் மலையகத் தமிழர்கள்.

1986இல் வெளியான அறிக்கை, பல் துலக்கும் பழக்கமே இவர்கள் அறியாதது என்கிறது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி என்று போற்றிய மொழியினராகிய நமக்கு இவ்வரி சற்றே உறுத்துகிறது. இவர்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இல்லை; ஆனால் ஏறத்தாழ எல்லா ஈறுகளிலும் அழற்சி இருந்தது. அழற்சி எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை. சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதில் ஒரு பல்லும் எஞ்சவில்லை. சுமார் 81 விழுக்காட்டினருக்கு அது மெல்ல வளர்ந்து, அதே வயதில் ஏழு பற்களைப் பறித்திருந்தது. எஞ்சிய 11 விழுக்காட்டினருக்கோ அழற்சிக்கு மேல் நோய் நகரவேயில்லை. நோயைத் தொடங்குவது நுண்ணுயிர்தான். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் அதை ஏற்கும் உடலுக்கும் பங்குண்டு என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. இன்றும் பாடநூல்கள் இவ்வாய்வை மேற்கோள் காட்டுகின்றன.

அவ்வாய்வுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘இயற்கை வரலாறு’. சிகிச்சை குறுக்கிடாத நோயின் போக்கைக் குறிக்கும் மருத்துவ வழக்கு அது, அதில் பிழையில்லை. ஆயினும் இத்தொழிலாளர்களுக்குப் பல் மருத்துவம் எட்டாமற்போனது இயற்கையா என்று நாம் கேட்டாக வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. ஆய்வாளர்கள் ஈறுகளை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை தந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

லோ இவ்வறுமையை உண்டாக்கியவர் அல்லர். அமெரிக்கத் தேசியப் பல் ஆய்வு நிறுவனத்தை 1983 முதல் 1994 வரை வழிநடத்தி, 2008இல் மறைந்த அவருக்கு உலகம் உரிய மரியாதை செய்திருக்கிறது. 1970இல் வாய் திறந்து காட்டிய 480 பேரில் 1985இல் ஆய்வாளர்கள் காண முடிந்தது 161 பேரை. 2010இல் 75 பேரை. ஆய்வின் நூல்களில் அவர்கள் விழுக்காடுகளாக நிற்கிறார்கள். பல் துலக்கும் நம் ஒவ்வொரு காலையிலும் அவர்களுக்கு நாம் பட்ட கடன் சிறிது இருக்கிறது.